பாக்கெட்டின் மீதிக் கணக்கு: உற்பத்தியாளர் பொறுப்பு என்பது என்ன?

நம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பாம்பனிலோ மண்டபத்திலோ படகு வைத்திருப்பவர் எவரும் தம் பழைய பேட்டரியைக் கரையில் வீசிவிட்டுப் போவதில்லை. புதிய பேட்டரி வாங்கப் போகும் நாளில் பழையதை இருசக்கர வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு போய்க் கடையில் கொடுக்கிறார். கடைக்காரர் அதற்கென ஒரு தொகையைப் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார். அதே படகில் கடலுக்குப் போகும் பிஸ்கட் உறையும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் பாக்குப் பொட்டலமும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வந்தாலும் கரையேறிய இடத்திலேயே கிடக்கின்றன. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்ததும் உறையை விட்டெறிந்ததும் ஒரே மனிதருடைய கைதான். ஆகவே, கடற்கரைக் குப்பைக்கு மக்களின் பொறுப்பின்மையே காரணம் என்று மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

வேறுபாடு பொருளிலேயே இருக்கிறது. பேட்டரிக்குள் ஈயம் இருக்கிறது; உருக்கினால் அது மீண்டும் பேட்டரியாகிறது, ஆகவே அதற்கு விலை உண்டு, வாங்க ஆள் உண்டு. பிஸ்கட் உறையிலோ, சில மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலம், அதன்மேல் பளபளக்கும் உலோகப் பூச்சு, அதன்மேல் வண்ண அச்சு, சூடு வைத்து ஒட்டுவதற்காக உள்பக்கம் இன்னொரு படலம் என்று பல அடுக்குகள் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு, பிரித்தபின் கையில் கிடைப்பதன் விலையைவிட அதிகம். பழைய பொருள் பொறுக்கி வாழ்பவர் ஒருவர் நாள் முழுதும் வெயிலில் நடந்து இத்தகைய உறைகளை ஒரு சாக்கு நிறையச் சேர்த்துக்கொண்டு போனாலும் காயலான் கடையில் அதை எடைத்தட்டில் வைக்க மாட்டார்கள். அதனால்தான் கரையில் தண்ணீர் பாட்டில் பொறுக்கப்படுகிறது, உறை கிடக்கிறது.

அந்த உறை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? வாங்கியவர் அல்லர், பெட்டிக்கடைக்காரரும் அல்லர். எங்கோ ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில், எத்தனை மாதம் மொறுமொறுப்பு கெடாமல் இருக்க வேண்டும், ஒரு உறைக்கு எத்தனை காசு ஆகலாம், கொக்கியில் தொங்கும்போது கண்ணைப் பறிக்குமா என்ற கேள்விகளுக்கு விடையாக அது உருவாயிற்று. பயன்பட்ட பிறகு அது எங்கே போகும் என்ற கேள்வி அந்த மேசைக்கு வரவேயில்லை, ஏனெனில் அதற்கான செலவு அந்த நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை. அது ஊராட்சியின் கணக்கில் எழுதப்படுகிறது. காலை ஆறு மணிக்கு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தூய்மைக் காவலரின் உழைப்பில் கொஞ்சம், குப்பைக் கிடங்கில் எழும் புகையைச் சுவாசிக்கும் அண்டை வீடுகளின் மருத்துவச் செலவில் கொஞ்சம், கடலில் தாழை என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்புல் படுகையில் கொஞ்சம் என்று பிரிந்து எழுதப்படுகிறது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் விலையில் சேராமல் விட்டுப்போன இந்த மீதிக் கணக்கைத் திரும்ப அந்த வடிவமைப்பு மேசைக்கே கொண்டுபோய் வைக்கும் முயற்சிக்குத்தான் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று பெயர். அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் இதைச் சுருக்கமாக இ.பி.ஆர். என்கிறார்கள்.

பெயரில் உள்ள ‘நீட்டிக்கப்பட்ட’ என்னும் சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையின் கழிவுநீருக்கும் புகைக்கும் அதன் உரிமையாளர் பொறுப்பு என்பது பழைய கருத்து. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அங்கே கழிவு வெளியேறும் வாய்க்காலைக் கையால் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆனால் ஓர் ஆலை தன் வளாகத்தைக் கண்ணாடிபோல் வைத்துக்கொண்டு, வாயில்வழியே நாள்தோறும் இலட்சக்கணக்கான உறைகளை வெளியே அனுப்ப முடியும்; அந்த உறைகள் இராமேசுவரத்திலும் தொண்டியிலும் ஏர்வாடியிலும் கிழிக்கப்பட்ட பிறகே குப்பையாகின்றன. ஆலை வாயிலோடு முடிந்துவிட்ட பொறுப்பைப் பொருளின் ஆயுள் முடியும் இடம்வரை இழுத்துக்கொண்டு போவதுதான் அந்த நீட்டிப்பு.

இக்கருத்துக்குப் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட். லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 1990-இல் தம் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்காக எழுதிய அறிக்கையில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். குப்பையை அள்ளுவதற்குப் பணம் திரட்டும் வழியாக மட்டும் அவர் இதைக் கருதவில்லை. பொருளை வடிவமைக்கும்போதே அதன் முடிவை எண்ணிப் பார்க்கும்படி உற்பத்தியாளரைத் தூண்டுவதே நோக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதுபோல் தோன்றும். பின்னால் நம் கரைக்கு வரும்போது அது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது ஜெர்மனி. 1991-இல் அந்நாடு இயற்றிய பொதிவு விதிகளின்படி, பொருளைச் சுற்றிய பொதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வது உற்பத்தியாளர், விற்பனையாளர் ஆகியோரின் கடமையாயிற்று. தேவையற்ற வெளிப்பெட்டிகளை வாடிக்கையாளர் கடையிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போகலாம் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. கடைக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள்: பற்பசைக் குழாயை எடுத்துக்கொண்டு அட்டைப்பெட்டியை அவரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் அடுத்த நாளே, இந்தப் பெட்டி எதற்கு என்று நிறுவனத்தைக் கேட்கத் தொடங்குவார். நிறுவனங்கள் பலவும் சேர்ந்து பொதுவான சேகரிப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கி, தம் பொதியின் எடைக்கும் வகைக்கும் ஏற்பக் கட்டணம் செலுத்தி, ‘பச்சைப் புள்ளி’ என்ற அடையாளத்தை அச்சிட்டுக்கொண்டன. அந்த அமைப்பு தொடக்கத்தில் திணறவும் செய்தது. மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கொண்டுவந்து குவித்தார்கள், அவ்வளவையும் மறுசுழற்சி செய்ய ஆலைகள் இல்லை, பிளாஸ்டிக் கழிவு வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. சேகரிப்பது ஒன்று, சேகரித்ததை என்ன செய்வது என்பது வேறொன்று என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்காக 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்மூலம் இப்பொறுப்பு தெளிவான வடிவில் வந்தது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைப் பொதிவுகளுக்கும் கொண்டுவந்தன. ஆனால் எவ்வளவு, எப்போது, தவறினால் என்ன என்பன விரிவாக எழுதப்பட்டது 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகளில்தான். அதே ஆண்டிலேயே பேட்டரி, டயர் ஆகியவற்றுக்கும் தனித்தனி ஏற்பாடுகள் வந்தன. பயன்படுத்திய எஞ்சின் ஆயிலுக்கு 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. விசைப்படகு ஓட்டுபவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது என்றாலும், துறைமுகத்தில் அதைப் பற்றிப் பேசுபவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

பிளாஸ்டிக் பொதிவுக்கான நெறிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எப்படி இயங்குகின்றன என்று பார்ப்போம். பொறுப்பு மூவர் மீது வைக்கப்படுகிறது: பொதியைத் தயாரிப்பவர், வெளிநாட்டிலிருந்து பொதியையோ பொதிந்த பொருளையோ இறக்குமதி செய்பவர், தம் பெயரைப் பொறித்து விற்கும் பிராண்டு உரிமையாளர். ஓரிரு மாநிலங்களில் மட்டும் தொழில் செய்பவர் அந்தந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும், இரண்டுக்கு மேற்பட்ட மாநிலங்களில் செய்பவர் மத்திய வாரியத்திலும் பதிவு செய்ய வேண்டும். 2022 பிப்ரவரி நெறிகளில் பிளாஸ்டிக் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாட்டில், டப்பா போன்று விறைப்பானவை முதல் வகை. பை, பால் உறை போன்று நெகிழ்வானவை இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தாளோ காகிதமோ சேர்ந்த பல அடுக்கு உறைகள் மூன்றாவது. மக்கும் தன்மையுள்ளவை நான்காவது. இப்பிரிவினை ஏன் வேண்டும் என்றால், பாட்டிலைச் சேகரிப்பது எளிது, அதற்குச் சந்தையும் உண்டு. வகை பிரிக்காமல் மொத்த எடையை மட்டும் கேட்டால் எல்லா நிறுவனங்களும் பாட்டிலையே கணக்குக் காட்டிவிட்டு உறையைக் கடலுக்கு விட்டுவிடும். அந்தந்த வகைக்கு அந்தந்த வகையிலேயே கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது, நெறிகளை எழுதியவர்கள் சந்தையை அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 100 டன் பல அடுக்கு உறைகளைச் சந்தையில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தைய இரண்டு ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு அதன் கடப்பாடு கணக்கிடப்படும். 2021-22-இல் அதில் 25 சதவீதத்துக்கும், 2022-23-இல் 70 சதவீதத்துக்கும், 2023-24 முதல் முழுவதற்கும் அது பொறுப்பு. 100 டன்னுக்கும் பொறுப்பு என்றால் 100 டன்னும் மறுசுழற்சி ஆக வேண்டும் என்று பொருளில்லை. இங்கேதான் முதன்முறை படிப்பவர்கள் பலரும் குழம்புவார்கள். மூன்றாம் வகையில் 2024-25-இல் குறைந்தது 30 சதவீதம் மறுசுழற்சிக்குப் போக வேண்டும், 2027-28-இல் அது 60 ஆக வேண்டும். விறைப்பான பிளாஸ்டிக்குக்கு அதே ஆண்டுகளில் 50, 80. மறுசுழற்சிக்கு உதவாத மீதியை சிமெண்ட் ஆலையின் சூளையில் எரிபொருளாக்கலாம், எண்ணெயாக மாற்றலாம், தார்ச்சாலையில் கலக்கலாம். தார்ச்சாலை வழியை உருவாக்கியவர் நமக்கு அருகில் உள்ளவர்தான்: மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இவையெல்லாம் பொருளின் ஆயுள் முடிவை ஒழுங்காக நடத்தும் வழிகள் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சூளையில் எரிந்த உறை மீண்டும் உறையாவதில்லை என்பதால் அவற்றை மறுசுழற்சியின் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிறுவனம் தானே ஊர் ஊராகப் போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை தான் பதப்படுத்திய எடைக்குச் சான்றிதழ் உருவாக்குகிறது. நிறுவனம் அதை விலைகொடுத்து வாங்கித் தன் கடப்பாட்டை நிறைவேற்றியதாகக் காட்டுகிறது. கடப்பாட்டுக்கு மேல் செய்தவர் மிகுதியை அதே வகையில் குறைவுள்ளவருக்கு விற்கலாம். எல்லாம் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் நடக்கிறது. தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டியதால் கடப்பாடு நீங்கிவிடாது, மூன்று ஆண்டுகள்வரை கூடவே வரும். ஓர் ஆண்டுக்குள் நிறைவேற்றினால் கட்டியதில் 75 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 60 சதவீதமும், மூன்றாம் ஆண்டில் 40 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். தாமதமானால் வட்டி ஏறுவதுபோன்ற ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டால் எளிதாகப் புரியும்.

இத்தோடு, விறைப்பான பொதிகளில் பெரியவற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற கடப்பாடும் உண்டு. 4.9 லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலன்களில் 2025-26-இல் 70 சதவீதம் மறுபயன்பாட்டுக்கு வர வேண்டும். குடிநீருக்கு வண்டியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் மாவட்டத்தில் இருபது லிட்டர் கேன் எப்படிப் புழங்குகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. காலி கேனைக் கொடுத்து நிறைந்த கேனை வாங்குகிறோம். முதல் கேனுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். அந்தக் கேன் கரையில் ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

முன்பணம் என்னும் இந்த ஏற்பாட்டின் வலிமையை நம் மாநிலம் அண்மையில் பெரிய அளவில் கண்டது. நீலகிரியில் காட்டு விலங்குகளின் கால்களைக் கிழிக்கும் உடைந்த மதுப் பாட்டில்களைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக, 2022-இல் அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டில் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைத் திருப்பித் தந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கண்ணாடியின் சந்தை விலை மிகச் சிறியது. அந்தப் பத்து ரூபாய் செய்ததெல்லாம், விலையற்ற ஒன்றுக்கு ஒரு விலையை ஒட்டவைத்ததுதான். இங்கே பொறுப்பேற்றது விற்பனையாளரே தவிர தயாரிப்பாளர் அல்லர் என்பதால் இது நாம் பேசும் ஏற்பாட்டின் முழு வடிவம் ஆகாது. ஆனாலும் ஈயம் பேட்டரிக்குச் செய்வதை ஒரு விதி பாட்டிலுக்குச் செய்ய முடியும் என்பதைக் காட்ட இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கும் கணக்கு. இனி நம் கரைக்கு வருவோம்.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை வீசும் காலத்தில் வடகடல் எனப்படும் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் சீறும். காற்று மாறும்போது மீன்பிடிக்கும் பக்கத்தை மட்டுமல்ல, குப்பை ஒதுங்கும் பக்கத்தையும் அது மாற்றிவிடுகிறது. தங்கச்சிமடத்தின் வடகரையிலும் தேவிபட்டினத்திலும் வாடை அடங்கிய ஒரு காலையில் நடந்தால், காய்ந்த தாழையோடு பின்னிக்கிடப்பவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் வகை உறைகளே என்பதைக் கண்ணால் காணலாம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் 1986-இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டோம். அந்த எல்லைக்குள் மனிதர் இறங்க அனுமதி வேண்டும்; உறைக்கு வேண்டாம்.

சட்டத்தின் முதல் ஓட்டை இங்கே தெரிகிறது. அது எடையைக் கேட்கிறது, இடத்தைக் கேட்பதில்லை. ஒரு பிஸ்கட் நிறுவனம் தன் 100 டன்னுக்குரிய சான்றிதழை ஏதோ ஒரு பெருநகரத்தின் புறநகரில் உள்ள ஆலையிடம் வாங்கிவிட்டால் அதன் கணக்கு நேர்மையாகவே தீர்ந்துவிடுகிறது. அங்கே கழிவு ஓரிடத்தில் குவிகிறது, லாரி போகிறது, ஆலை பக்கத்தில் இருக்கிறது. வாலிநோக்கத்திலோ மூக்கையூரிலோ மணலில் புதைந்து உப்பும் சேறும் ஏறிய உறைகளைச் சேகரித்து, கழுவி, உலர்த்தி, சிமெண்ட் சூளை இருக்கும் அரியலூர்வரை ஏற்றிச்செல்ல எவரும் முன்வர மாட்டார்கள், ஏனென்றால் சான்றிதழில் இரண்டும் ஒரே டன்தான். நூற்றுக்கு நூறு கடப்பாட்டை நிறைவேற்றிய நிறுவனத்தின் உறையே நம் கரையில் கிடக்க முடியும். இதில் எந்த மோசடியும் இல்லை என்பதுதான் இதன் சிக்கல். கடற்கரை, தீவு, மலை போன்ற இடங்களில் சேகரித்த டன்னுக்குக் கூடுதல் மதிப்பு வைத்தால் இக்கணக்கு மாறும் என்பது என் கருத்து.

மோசடியும் உண்டு. 2023-இல் மத்திய வாரியம் சில மறுசுழற்சி ஆலைகளில் நடத்திய தணிக்கையில், அவற்றின் திறனுக்குச் சற்றும் பொருந்தாத வகையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சான்றிதழ் மலிவாகக் கிடைக்கும்போது உண்மையில் சேகரிப்பவருக்குக் கொடுக்க நிறுவனத்துக்குக் காரணம் இருக்காது. அதன் பாதிப்பு கடைசியில் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பவரின் கூலியில் போய் விழுகிறது.

இரண்டாவது ஓட்டை, லிண்ட்க்விஸ்ட் சொன்ன வேறுபாட்டைப் பற்றியது. அள்ளுவதற்கான செலவை நிறுவனத்திடம் பெற்றுவிட்டோம். ஆனால் உறையின் வடிவம் மாறியதா? சிறு பாக்கெட்டின் வரலாறே நம் கடற்கரையில்தான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1970-களில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றார். முழு பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கு அது உண்மையிலேயே ஒரு வாசலைத் திறந்தது. அதை இன்று குறை சொல்வது எளிது, நியாயமன்று. நாட்கூலியில் வாழும் வீட்டில் ஒரு நாளுக்கு வேண்டியதை ஒரு நாள் காசில் வாங்குவதே இயல்பு. கேள்வி அளவைப் பற்றியதன்று, அடுக்குகளைப் பற்றியது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன உறைக்குக் குறைந்த கட்டணம், பிரிக்கவே முடியாத உறைக்குப் பல மடங்கு கட்டணம் என்று வைத்தால், வடிவமைப்பு மேசையில் பேச்சு மாறும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் இத்தகைய ஏற்றத்தாழ்வுக் கட்டணம் இருக்கிறது. நம் நெறிகளில் வகைக்கேற்ற இலக்கு இருக்கிறது, பழைய பிளாஸ்டிக்கைப் புதிய பொதியில் இவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் உறைக்கு உறை வேறுபடும் கட்டணம் இல்லை.

இதைத் தடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. தடையின் கை எளிதில் எட்டியது தேநீர்க் கடையையும் பூக்காரம்மாவையும் மீன் விற்கும் பெண்களையும்தான். பெட்டிக்கடைக் கொக்கியில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் இன்றும் தொங்குகின்றன. உற்பத்தியாளர் பொறுப்பு அந்தக் கொக்கிக்குப் பின்னால் இருப்பவரைத் தேடிப் போகும் ஏற்பாடு. பையை மாற்றிக்கொள்ளும்படி வாங்குபவரிடம் சொல்வது எளிது. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டியை இன்றும் ஓலைக்கொட்டானில் வாங்க முடிகிறது என்பதும் உண்மை. ஆனால் பிஸ்கட்டை ஓலைக்கொட்டானில் கேட்டு வாங்க எவராலும் முடியாது.

எல்லாக் குப்பைக்கும் உற்பத்தியாளரைக் கைகாட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நீராடிவிட்டுத் துணியைக் கடலிலேயே விட்டுச்செல்லும் வழக்கத்துக்கு நெசவாலை என்ன செய்யும்? அங்கே வேண்டியது அறிவிப்புப் பலகையும் துணி போடத் தொட்டியும் புரோகிதர்களின் ஒரு சொல்லும். அதுபோலவே தனுஷ்கோடிக் கரையில் சிங்கள எழுத்துள்ள பாட்டில் ஒதுங்கினால் நம் இணையதளத்தில் அதற்குக் கணக்கு இல்லை. நம் எழுத்துள்ள பாட்டில் தலைமன்னாரில் ஒதுங்கினால் அங்கும் இல்லை. சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு இருபுறமும் ஒரே நிறுவனம் விற்கும் பொருளாக இருந்தாலும், பொறுப்பு கரையோடு நின்றுவிடுகிறது.

வருங்காலத்துக்கென்று எழுதப்பட்ட பொறுப்பும் நம் மாவட்டத்தில் ஒன்று உண்டு. கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் சுமார் 25 லட்சம் தகடுகள் இருக்கின்றன. ஒரு தகட்டின் பயன்காலம் ஏறத்தாழ 25 ஆண்டுகள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய மின்னணுக் கழிவு விதிகள், தொலைக்காட்சி, கைபேசி உள்ளிட்ட 106 வகைப் பொருட்களின் பட்டியலில் சூரியத் தகடுகளையும் சேர்த்திருக்கின்றன. ஆனால் கழிவாகும் தகடுகளை 2034-35 வரை ஒழுங்காகச் சேமித்துவைத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே இப்போதைய கடமை. குப்பை வருவதற்கு முன்பே அதன் சொந்தக்காரர் யார் என்று எழுதிவைத்திருப்பது நம் நாட்டில் அரிது.

எழுதிவைக்காமல் விட்டது வலையை. நண்டுக்கும் மீனுக்கும் விடும் தங்கூஸ் வலை நைலான் இழையால் ஆனது. பாறையில் சிக்கியோ, வேறு படகால் அறுபட்டோ, கிழிந்து பயனற்றுப்போயோ கடலில் தங்கும் துண்டு, பல ஆண்டுகளுக்குச் சிதையாமல் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும், பவளப்பாறை மீது போர்வையாய்ப் படியும். பேய் வலை என்று இதைச் சொல்கிறார்கள். கனமான கயிற்றுக்கும் தடித்த வலைக்கும் பழைய பொருள் கடையில் ஓரளவு விலை உண்டு. சிப்பியும் பாசியும் பின்னிய மெல்லிய தங்கூஸ் கந்தலுக்கு இல்லை. மீண்டும் அதே கதைதான்: விலையுள்ளது திரும்புகிறது, விலையற்றது தங்குகிறது. ஆனால் நம் பிளாஸ்டிக் நெறிகள் பொதிவைப் பற்றியவை. வலை பொதிவு அன்று, ஆகவே அதைத் தயாரிப்பவர் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய சட்டத்தில், பிளாஸ்டிக் கலந்த மீன்பிடிக் கருவிகளுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை 2024 இறுதிக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்கு விதித்தது.

இங்கே அப்படி ஒரு விதி வருமானால் அதன் முதல் வேலை மிகச் சிறியதாக இருக்கும். பிஸ்கட் உறையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் நிறுவனத்தின் பெயரும் இப்பொறுப்புக்கான பதிவு எண்ணும் அச்சாகியிருப்பதைப் பல உறைகளில் காணலாம். கரையில் கிடக்கும் உறையிலும் அது அழியாமல் இருக்கும். வலைக்கட்டில் அப்படி எதுவும் இல்லை. கட்டோடு கோத்த ஒரு தகட்டில் தயாரிப்பாளரின் எண்ணைப் பொறித்து, கிழிந்த வலையை எடைபோட்டுத் திருப்பித் தரும் மீனவருக்குப் புது வலையின் விலையில் ஒரு தொகையைக் கழித்தால் போதும். பேட்டரிக் கடையில் அவர் பல ஆண்டுகளாகச் செய்துவருவது அதுதான்.